பாளையம்பட்டி டேங்குக்குப் பின்னாடி

— பாருங்கம்மா, மொதல்ல அந்த வாசல் நடையை விட்டு எந்திரிங்க. வண்டிக்காரரு இடிக்க வந்து நிக்கிறாரு.

— எந்திரிக்கிறேன் சாமி. அந்த முன்சுவரை மட்டும் விட்டுட்டு மத்ததை இடிச்சுக்கங்க. இப்பவே எந்திரிச்சிர்றேன்.

— சுவத்தை விட்டுட்டு நான் எப்படிக் கடை கட்டுறது? கிரயம் முடிச்சாச்சு, லோனும் போட்டாச்சு. இந்த வீட்டுக்கும் உங்களுக்கும் என்னம்மா?

— இங்க குடியிருந்தோம் சாமி. எம்பேரு மாரிக்கனி. எம்.ரெட்டியபட்டில மழை பொய்த்துப் போனப்ப, எங்க வீட்டுக்காரரு சங்கையா இந்த டவுனுக்கு லோடு எறக்க வந்தாரு. அதுக்கு முன்னாடி இது பஞ்சுக் குடோனு. நடுவுல சுவரு வச்சு வாடகைக்கு விட்டாக. மொதக் குடி நாங்கதான். எம்மக சுகந்தி அந்த உள்ரூம்புலதான் பொறந்தா.

— இருந்துட்டுப் போயிட்டீங்க, சரி. வாடகைக்கு இருந்தவுகல்லாம் திரும்பி வந்து நடையில உக்காந்தா நான் என்னம்மா பண்ணுவேன்?

— எனக்காக உக்காரல சாமி. எம்மகன் முத்துராஜு வருவான். அவனுக்கு இந்த வீடு ஒண்ணுதான் தெரியும்.

— எங்க போயிருக்கான்?

— தெரியாது. சுகந்தி கைப்புள்ளையா இருக்கயில அவ கால் கொலுசு ஒண்ணு காணாமப் போச்சு. இவந்தான் எடுத்து வித்துட்டான்னு அவுக அப்பா தெருவுல வச்சு அடிச்சாரு. நான் எடுக்கலம்மானு என் மொகத்தைப் பாத்தான். நான் வாயைத் தொறக்கல. அன்னைக்குப் போனவந்தான்.

— கொலுசு கெடச்சதா?

— தொட்டில் கட்டுன சேலையைத் தொவைக்க அவுத்தேன். மடிப்புக்குள்ள கெடந்துச்சு.

— தேடலையா அவனை?

— திருப்பூரு, கோயம்புத்தூருனு அவரு லாரி ஏறி ஏறித் தேடுனாரு. தேடியே செத்தாரு. சாகயில எங்கையப் புடிச்சுக்கிட்டு, கொலுசு கெடச்சிருச்சு, நீ எடுக்கலனு அவங்கிட்டச் சொல்லிருனு சொன்னாரு. அதைச் சொல்லாம நான் கண்ணை மூடக் கூடாது சாமி.

— இங்க பின்னாடி குடி வந்தவுககிட்டச் சொல்லி வச்சிருக்கலாம்ல?

— சொல்லாம இருப்பேனா? அவரு போனதும் நாங்க பாளையம்பட்டிக்குப் போயிட்டோம். தறிக்காரரு சௌடையா இங்க குடி வந்தாரு. வீட்டுல அவுக கன்னடம் பேசுவாக. நான் சொன்னதை அவரு சம்சாரத்துக்கு அவுக பேச்சுல எடுத்துச் சொன்னாரு. அந்தம்மா அழுதுருச்சு. இனி ஒரு ஆளுக்குச் சேத்தே சோறாக்குறேன், வந்தான்னா பசியோட நிக்கக் கூடாதுனுச்சு.

— ம்.

— அவுக காலி பண்ணதும் பரோட்டாக் கடையில வேலை பாக்குற பரளச்சி ஊருப் பயலுக இருந்தாங்கெ. என்னைக் கேலி பண்ணுவாங்கெ. ஆனா, ரோட்டுல மலங்க மலங்க முழிச்சுக்கிட்டு நின்ன ஒருத்தனை முத்துராஜானு கேட்டு, பாளையம்பட்டிக்கே கூட்டிட்டு வந்துட்டாங்கெ. அவன் இல்ல. சோறு போட்டு அனுப்புனேன். பெறகு டியூசன் நடத்துன டீச்சரு. அவுகளும் போனதும் வீடு பூட்டியே கெடந்துச்சு. யாருகிட்டச் சொல்ல? அதான் சுகந்தியை விட்டுச் சுவத்துல எழுதச் சொன்னேன்.

— அந்தக் கரிக்கட்டை எழுத்தா? நீங்களா அது?

— ஆமா சாமி. 'முத்துராஜ், அம்மா பாளையம்பட்டி டேங்குக்குப் பின்னாடி இருக்கேன்'னு. மழையில அழியும். மறுபடி வந்து எழுதுவா.

— பாருங்கம்மா, இப்படிச் செய்வோம். கடை கட்டி முடிச்சதும் பெயிண்டுலயே எழுதச் சொல்றேன். உங்க போன் நம்பரும் போட்டுருவோம்.

— ஷட்டரு போட்ட கடையப் பாத்தா அவனுக்கு இதுதான் வீடுனு எப்படித் தெரியும்? வேற தெருன்னு திரும்பிப் போயிருவான்.

— தீபண்ணே, எனக்கு இன்னும் ரெண்டு எடத்துல வேலை கெடக்கு. எடுக்கவா, போகவா?

— அசோக்கு, இஞ்சினை நிறுத்து. ஒரு நிமிசம்.

— எடுக்கட்டும் சாமி. நான் நகரல. சுவரோட என்னையும் சேத்து அள்ளிட்டுப் போகட்டும்.

— அம்மா, உங்க மகனுக்கு அடையாளம் ஏதாவது இருக்கா?

— வலது காது மடல் கிழிஞ்சிருக்கும். சின்னதுல நாய் கடிச்சது. ஏன் கேக்குறீக?

— சும்மாதான்.

— சும்மா கேட்ட மொகமா இது? சொல்லுங்க சாமி.

— வேண்டாம்மா. வீட்டுக்குப் போங்க. நானே ஆட்டோ புடிச்சு விடுறேன்.

— செத்துட்டானா?

— இல்லம்மா, அதெல்லாம் இல்ல. போன பங்குனிப் பொங்கல் திருவிழாவப்ப நான் எடம் பாக்க வந்திருந்தேன். ஒருத்தரு இந்தச் சுவத்துக்கு முன்னாடி நின்னு அந்த எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரும் எடம் வாங்க வந்த ஆளுனு நெனச்சேன். காது அப்படித்தான் இருந்துச்சு.

— மெலிஞ்சு கிலிஞ்சு இருந்தானா?

— நல்லாத்தான் இருந்தாரு. வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரு. பாளையம்பட்டி பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்டாரு. நானும் அந்தப் பக்கம் போனதால கூடவே கூட்டிட்டுப் போனேன்.

— எங்கிட்ட வரலையே சாமி.

— பஸ்ஸு வந்துச்சும்மா. ஏறல. அடுத்ததும் வந்துச்சு. அதுலயும் ஏறல. பெறகு மதுரை பஸ்ஸுல ஏறிப் போயிட்டாரு.

— சுவத்துல எழுதுனதைப் படிச்சானா? நல்லாப் பாத்தீகளா?

— வெரலை வச்சுப் படிச்சாரும்மா. நீங்க இருக்குற எடம் தெரிஞ்சுந்தான் வரல. இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சேன். மன்னிச்சுக்கங்கம்மா.

— ஏய்யா அசோக்கு, வண்டியை எடுப்பா. இந்தா, எந்திரிச்சுட்டேன். இடிச்சுக்க. அவந்தான் படிச்சுட்டானே, இனி இந்தச் சுவரு எதுக்கு? எம்மகன் உசுரோட இருக்கான்.