வாங்கினவங்களுக்கு வராது

இல்ல மேடம், சண்டை போட எல்லாம் வரல. சத்தியமா. கொஞ்சம் அந்தக் கதவைச் சாத்திக்கட்டுமா? வெளிய சோஃபாவுல கைப்பையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காளே, என் வீட்டுக்காரி. அவ காதுல விழ வேணாம். கண்ணாடிக் கதவுதான், பரவாயில்ல, பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும். கேக்காம இருந்தா சரி.

விஷயம் சின்னதுதான். உங்க பரு க்ரீம் விளம்பரம் ஒண்ணு இருக்குல்ல, ஒரு பொண்ணு முடியைக் காதுக்குப் பின்னால ஒதுக்கிட்டு, திரும்பிப் பார்த்து, இதுதான் நான்னு சொல்லுமே. அது எனக்கு வர மாட்டேங்குது. திரும்ப வர வைக்கணும். அவ்வளவுதான். யாரு போனுக்கு எது போகணும்னு நீங்கதான் வைக்கிறீங்கன்னு கீழ சொன்னாங்க.

சிரிங்க, சிரிங்க. நானா இருந்தாலும் சிரிப்பேன், இந்த மூஞ்சிக்கு எதுக்குய்யா பரு க்ரீம்னு. வண்டிக்குப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கிறவன் நான். கையைப் பாருங்க, என்ன தேய்ச்சாலும் போகாது. ஆனா போன்ல நான் இப்படி இல்ல மேடம். போன்ல எனக்குப் பதினாறு வயசு. பொண்ணு.

அய்யய்யோ, உங்க முகம் மாறுது. அந்த மாதிரி ஆள் இல்லம்மா நான். ஒரு பிள்ளைகிட்டயும் ஒரு வார்த்தை பேசினதில்ல. வேணும்னா இந்தாங்க போன், வாங்கிப் பாருங்க, பூட்டு கூட போடல. என் சொந்த வயசைப் போட்டிருந்தப்போ எனக்கு என்னென்ன வந்துச்சு தெரியுமா? மூட்டுவலித் தைலம், வழுக்கைக்கு எண்ணெய், இன்சூரன்ஸ். அந்தப் பொண்ணு வரவே இல்ல. ஒர்க்‌ஷாப் பக்கத்துல செல்போன் கடை வச்சிருக்கிறவர்தான் சொன்னார், அண்ணே, அது சின்னப் பொண்ணுங்களுக்கு மட்டும் போறது, உங்களுக்கு எப்படி வரும்னு. அதுக்கப்புறம்தான் புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சேன். பிறந்த வருஷத்தை மாத்திப் போட்டேன். லிப்ஸ்டிக்குக்கு ஒரு லைக், ஹேர்பேண்டுக்கு ஒரு லைக், நகத்து மேல என்னமோ ஒட்டிக்கிறாங்களே, அதுக்கும் ஒரு லைக். மத்தியானம் சாப்பிட்டதும் வண்டிக்கு அடியில அட்டையை விரிச்சுப் படுத்துக்கிட்டு இதே வேலை. கூட இருக்கிறவனுங்க நான் ஏதோ சினிமா பார்க்கிறேன்னு நினைச்சுக்கிட்டானுங்க.

வந்துச்சு மேடம். ஒரு நாள் சும்மா தள்ளிக்கிட்டே போறேன், திடீர்னு அவ. முடியை ஒதுக்கிட்டு, திரும்பி, இதுதான் நான்.

ஆமா. என் பொண்ணுதான்.

நீங்க போட்டி வச்சீங்கல்ல, க்ரீமைப் போட்டுக்கிட்டு வீடியோ எடுத்து அனுப்புங்க, நல்லா இருந்தா விளம்பரத்துலயே போடுவோம்னு. எங்க வீட்டு பாத்ரூம் கண்ணாடி முன்னால நின்னு அவளே எடுத்தது. பின்னால என் துண்டு தொங்கிட்டு இருந்துச்சு. அதை எடுத்துட்டு ஏதோ செடி வச்சிருக்கீங்க. அவளைத் தேர்ந்தெடுத்திருக்காங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு வீட்டுல கால் தரையில படல அவளுக்கு. ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்க போன்லயும் இவதான். நானும் சும்மா சொல்லக்கூடாது, தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். அவ தாடையில ஒரு தழும்பு உண்டு, சைக்கிள்ல இருந்து விழுந்தது. விளம்பரத்துல அது இல்ல. எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, நம்ம தொழில்தானே. பள்ளத்துல பட்டி வச்சு, உப்புத்தாளைப் போட்டுத் தேய்ச்சு, மேல ஒரு கோட்டு அடிச்சா அடிபட்ட வண்டின்னு ஒருத்தன் சொல்ல மாட்டான். அதையே மூஞ்சில பண்ணியிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. குறை சொல்லல.

அவதான் போனைக் கையில வச்சுக்கிட்டு கண்ணாடி முன்னால நிக்க ஆரம்பிச்சா. போன்ல இருக்கிறவளைப் பார்க்கிறது, கண்ணாடியில இருக்கிறவளைப் பார்க்கிறது. அது நான் இல்லப்பா, அவ என்னைவிட அழகா இருக்காங்கிறா. அடி லூசு, அதுவும் நீதானேன்னேன். இல்லப்பா, எல்லாரும் அவளைத்தான் எதிர்பார்க்கிறாங்க, அங்க போய் நான் நிக்கிறேன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. வயசுப் பிள்ளை ஏதோ பேசுதுன்னு விட்டுட்டேன்.

இப்போ புரியுது. இப்போ எனக்கே வருதுல்ல எல்லாம். க்ரீமுக்குப் பின்னாலயே மெலியிற பொடி வருது. அதுக்குப் பின்னால கன்னம் ஒட்டிப் போறதுக்கு மூஞ்சைச் சுத்திக் கட்டிக்கிற ஒரு பட்டை. நீங்க ஒரு வாரம் பதினாறு வயசா இருந்து பாருங்க மேடம். நீ கருப்பு, நீ குண்டு, உன் பல்லு மஞ்சள், உன் தொடை பெருசு. சிரிச்ச முகத்தோட சொல்லுதுங்க. போன வாரம் ஒரு வண்டியோட பக்கவாட்டுக் கண்ணாடியில நான் தொப்பையை உள்ள இழுத்துப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். என்னடா பண்றோம்னு எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. மனுஷன் பாதி வாழ்க்கையைத் தாண்டியாச்சு, எனக்கே இப்படின்னா அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

எதுக்கு வராம நின்னுச்சுன்னா, அது நான் பண்ணின முட்டாள்தனம். ஓடாத சரக்கை யாரும் கடையில வச்சிருக்க மாட்டாங்க இல்லையா. இந்த க்ரீம் ஓடலைன்னா விளம்பரத்தைத் தூக்கிடுவாங்களோன்னு எனக்கு ஒரே பயம். சரி, நம்ம பங்குக்கு ஒண்ணு வாங்கி வைப்போம்னு, அவ வந்தப்போ கீழ இருந்த பட்டனை அமுக்கி வாங்கிட்டேன். அன்னைக்கோட சரி. காணோம். செல்போன் கடைக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். அண்ணே, வாங்கினவங்களுக்கு வராதுண்ணே, வாங்கியாச்சுன்னா அந்த விளம்பரத்துக்கு வேலை முடிஞ்சுதுண்ணேன்னார். எனக்கு எப்படித் தெரியும்?

வேணாம் மேடம், அந்த வீடியோ என்கிட்டயே இருக்கு. கடைக்காரர் எடுத்துப் போட்டுக் கொடுத்துட்டார். அமுக்கினா ஓடும். ஆனா நான் அமுக்கி அவ வர்றது வேற, அவளா வர்றது வேற. எப்படிச் சொல்றது உங்களுக்கு. வீட்டுல அப்படித்தான் அவ. நான் டிவி பார்த்துக்கிட்டு இருப்பேன், செருப்புச் சத்தம் கூட கேக்காது, என்னமோ தோணித் திரும்பினா பின்னால நிப்பா. என்னடின்னா சும்மாதான்ப்பாம்பா. போன்லயும் அப்படியே வருவா. எவனோ சமையல் பண்ணுவான், ஒரு பூனை குதிக்கும், அடுத்து அவ நிப்பா. அந்த ஒரு நொடி, எனக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்.

இப்பவா? படிக்கலம்மா. இல்ல. போன மழைக்காலமே போயிட்டா. சாப்பாட்டை நிறுத்திட்டா. தட்டைக் காலி பண்ணிக் காட்டுவா, நாங்களும் நம்பிட்டோம். தூக்கிட்டுப் போனப்போ இருதயம் தாங்காதுன்னாங்க. தாங்கல.

தண்ணி குடிங்க. உங்களைச் சொல்லலம்மா. நீங்களும் சின்னப் பொண்ணுதான், உங்களுக்கு என்ன தெரியும். மெதுவா குடிங்க. இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க, வெளிய என் வீட்டுக்காரி பார்க்கிறா.

அவளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவ ஒரு நாள் பஸ்ஸுல வந்துட்டு இருந்திருக்கா. பக்கத்துல ஒரு ஸ்கூல் பிள்ளை போனைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. இதுதான் நான்னு பக்கத்துலயே குரல் கேட்டிருக்கு. அடுத்த ஸ்டாப்புலயே இறங்கி அவ்வளவு தூரமும் நடந்தே வீட்டுக்கு வந்தா. அன்னைக்கிலிருந்து ஒரே பிடிவாதம், அதை நிறுத்தியே ஆகணும், என் பிள்ளையை வச்சு இன்னும் என்ன விக்கிறாங்கன்னு. அதுக்குத்தான் என்னை இழுத்துக்கிட்டு வந்திருக்கா. நான் அதைத்தான் உங்ககிட்ட பேசிட்டு இருக்கேன்னு நினைச்சுட்டு உட்கார்ந்திருக்கா பாவம்.

அவ சொல்றது நியாயம்தான். நிறுத்திடுங்க. விளம்பரத்துக்குக் கீழ ஒரு பிள்ளை எழுதியிருந்துச்சு, அக்கா, நானும் தினம் போடுறேன், உங்களை மாதிரி ஆகவே மாட்டேங்குதேன்னு. எந்தப் பிள்ளைக்கும் இனி போக வேணாம். எல்லாருக்கும் நிறுத்திடுங்க. வெளிய வந்து அவகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நிறுத்தியாச்சும்மா, இனிமே யாருக்கும் வராதுன்னு. நீங்க சொன்னா நம்புவா.

எனக்கு மட்டும் வர்ற மாதிரி வச்சுடுங்க. எப்பவாவது வந்தா கூட போதும். வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தாத்தான் வரும்னா, கையோட எடுத்துட்டு வந்திருக்கேன், இந்தாங்க. பிரிக்கவே இல்ல மேடம்.