கீறல் விழுந்த போர்டு

...புதுசு சார் அது! போன மாசம் மாட்டின போர்டு. நீங்களும் பழசுன்னுதானே நெனச்சீங்க? தலைய ஆட்டாதீங்க, கம்பி பல்லுல இடிக்கும். பேசவும் வேணாம், பஞ்சு விழுந்துடும். நானே சொல்றேன்.

எதிர்ல ஜெராக்ஸ் கடை நாகலக்ஷ்மி அக்கா வந்து, "இதுல முன்னாடி இருந்த பல் டாக்டர் எங்கம்மா போயிட்டாங்க?"ன்னு என்கிட்டயே கேக்கறாங்க. முன்னாடி யாரு இருந்தா? தொறந்ததே நான்தான். நேத்து எவரோ போர்டு மேலயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர ஒட்டிட்டுப் போயிட்டாங்க. பாழடைஞ்ச இடம்னு நெனச்சிருப்பாங்க, பாவம்.

எல்லாம் அந்த எழுத்தால. கௌபாய் படத்துல சாராயக்கடை வாசல்ல பலகை தொங்குமே, இங்கிலீஷ் எழுத்துக்கு மேலயும் கீழயும் தடித்தடியா பாதம் வச்சு, வெயில்ல காஞ்சு பெயின்ட் உரிஞ்ச மாதிரி... அந்த ஃபான்ட்டுல "ஜெயஸ்ரீ டென்டல்". கம்ப்யூட்டர்லயே கீறலோடதான் வரும், அதான் அதோட அழகுன்னு... யாரோ ஒரு புத்திசாலி செலக்ட் பண்ணியிருக்கா. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க.

போர்டு செஞ்ச சம்பத் நல்ல மனுஷன் சார். மேற்குத் தாம்பரத்துல கடை. ஃபைல் கெட்டுப்போயிதான் எழுத்தெல்லாம் பொத்தலா வருதுன்னு நெனச்சுட்டார். உக்காந்து ஒவ்வொரு கீறலையும் கறுப்பு பெயின்ட்டால அடைச்சு, பளபளன்னு கொண்டாந்து மாட்டினார். "பல் டாக்டர் போர்டுலயே எழுத்து ஒடைஞ்சிருந்தா நல்லாவா இருக்கும் மேடம்?"ன்னார்.

அந்தப் புத்திசாலி என்ன பண்ணா தெரியுமா? அவர் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி, பல்லு காரையச் சுரண்டற கம்பிய வச்சு, அவர் அடைச்சதையெல்லாம் ஒண்ணுவிடாம சுரண்டித் தள்ளிட்டா... பயப்படாதீங்க சார், அந்தக் கம்பி வேற, இது வேற.

ஆமா, நான்தான். வேற யாரு? இந்தக் கிளினிக்ல இருக்கறதே நான் ஒருத்திதானே.

அப்பா சொல்லிட்டாரு, இந்த மாசத்தோட பூட்டிட்டு பொத்தேரியில ஏதாவது பெரிய கிளினிக்ல வேலைக்குப் போயிடுன்னு. இருங்கப்பா, யாராவது வருவாங்கன்னு நான்தான் கெஞ்சிக்கிட்டு இருக்கேன். பாருங்க, நீங்க வந்துட்டீங்க. உக்காருங்கன்னேன், உக்காந்தீங்க. வாயத் திறங்கன்னேன், சமத்தா திறந்துட்டீங்க. பேஷன்ட்டுன்னா இப்படி இருக்கணும்.

மேல்வரிசை முடிஞ்சுது. பஞ்ச எடுத்துடறேன், கொப்பளிங்க. இப்போ சொல்லுங்க, எந்தப் பல்லு வலி?

...வலி இல்லையா?

...வாடகைக்கா? மொபைல் கடை வைக்கவா?

...ரொம்ப வருஷமா பூட்டிக் கெடக்கற இடம்னு நெனச்சீங்களா. வெளிய போர்டப் பாத்தா அப்படித்தான் தெரிஞ்சுதா.

ம்.

இல்ல சார், காலி இல்ல. எழுந்திருக்காதீங்க, கீழ்வரிசை பாக்கி இருக்கு. ஃபீஸெல்லாம் வேணாம். அந்தப் போர்டப் பாத்து உள்ள வந்த மொத ஆளு நீங்கதான்.