லிஃப்டின் சிவப்புப் பொத்தான்

காபியில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள். எங்கள் இருவருக்கும் குறைத்துக் குறைத்துப் பழகிவிட்டது. வருகிறவர்களை நினைத்துப் போட மறந்துவிடுகிறேன். வைத்தீஸ்வரன் சார், நீங்கள் மின்விசிறிக்கு நேரே உட்காருங்கள். உங்களுக்குக் காற்று வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கமிட்டி மொத்தத்தையும் வீட்டுக்கு வரச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வாட்ச்மேன் முனியப்பனை ஒன்றாம் தேதியோடு நிறுத்துவதாக நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தீர்கள். ஆண்டு விழா அன்று லிஃப்ட் பாதியில் நின்றபோது அவர் கேட்டில் இல்லை என்றும், லிஃப்டுக்குள் இருந்த அபாய மணிப் பொத்தானைக் கழற்றி விற்றுவிட்டார் என்றும் எழுதியிருந்தது. முனியப்பன் ஒரு பாவமும் அறியாதவர். நானும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் பேங்குக்குப் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் முடித்துவிடுகிறேன்.

ஜூன் மாதம் மொட்டை மாடியில் ஜெனரல் பாடி மீட்டிங் நடந்ததே, நினைவிருக்கும். டேங்கர் தண்ணீரைப் பற்றிப் பேச இவர் எழுந்தார். செக்ரட்டேரியட்டில் சர்வீஸ் முழுக்க மற்றவர்கள் பேசுவதற்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர். தான் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது வாக்கியத்தில் செக்ரட்டரி வைத்தீஸ்வரன் சார் குறுக்கே வந்தார்.

"ராகவன் சார், கவர்ன்மென்ட் ஃபைல் மாதிரி நகர்றேளே. நீங்க முடிக்கறதுக்குள்ள டேங்கர் வந்துட்டுப் போயிடும்."

எல்லாரும் சிரித்தீர்கள். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இதே ஜனங்கள் இவருக்குக் கைதட்டி நான் பார்க்க வேண்டும் என்று அன்று நினைத்தேன். வேறு ஆசை கிடையாது.

ஆண்டு விழா மாறுவேடப் போட்டிக்கு இந்தத் தடவை இரண்டாயிரத்து நூறாம் வருஷம் என்று தலைப்புக் கொடுத்தீர்கள். இவரை விண்வெளிக் கமாண்டர் ஆக்கினேன். உடையில் கஷ்டம் இல்லை. பழைய ரெயின்கோட்டுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தேன். துப்பாக்கிதான் ஆளைக் காட்டும். அதற்குப் பிவிசி குழாய், கெட்டுப்போன மிக்ஸியின் மோட்டார் மூடி, குக்கர் கைப்பிடி, சத்தத்துக்கு எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கின கார் ரிவர்ஸ் ஹாரன். எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்துக் கறுப்பு அடித்தேன். காய்ந்த பிறகு விளிம்புகளில் மட்டும் வெள்ளிப் பெயின்டைத் துணியால் ஒற்றி ஒற்றிப் பூசினேன். அப்படிச் செய்தால், பல யுத்தம் பார்த்துத் தேய்ந்த இரும்பு மாதிரி இருக்கும்.

விசைதான் சரியாக அமையவில்லை. காலிங் பெல் சுவிட்சை வைத்துப் பார்த்தேன். துப்பாக்கி விருந்தாளிக்குக் காத்திருப்பது போல இருந்தது. அப்புறம் ஒருநாள் லிஃப்டில் வரும்போது அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது. நல்ல சிவப்பு. அழுத்தினால் உள்ளே விளக்கு எரியும். சுற்றிலும் எவர்சில்வர் வளையம். அது லிஃப்டில் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? எடுத்த இடத்தை ஓட்டையாக விட்டுவிட்டு வருகிறவள் இல்லை நான். தேங்காயெண்ணெய் பாட்டில் மூடிக்குச் சிவப்பு அடித்து அங்கே ஒட்டினேன். உங்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த மணி யாருக்கும் தேவைப்படவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் இவர் நடுங்கிப்போனார்.

"கோமு, நெஜமாவே இருக்கே இது. போலீஸ் பிடிச்சுண்டு போயிடப் போறான்."

"நீங்க செக்ரட்டேரியட்டுன்னு சொல்லுங்கோ. விட்டுடுவா."

"அப்ப லஞ்சத்தோட பென்ஷனையும் சேர்த்துக் கேப்பாடி."

அதுவரை என் மனதில் வேறு எண்ணமே இல்லை. இதை மினிட்ஸில் எழுதிக்கொள்ளுங்கள்.

விழாவுக்கு முதல் நாள் வைத்தீஸ்வரன் சார் வீட்டுக்குப் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனேன். கூடத்தில் அவர் போட்டுக்கொள்ளப் போகிற ரோபோ வேஷம் நின்றுகொண்டிருந்தது. கண்ணில் விளக்கு, மார்பில் சுழலுகிற சக்கரம், தலை முதல் கால் வரை அட்டையில் ஒட்டிய அலுமினியத் தாள். உள்ளதைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. என் துப்பாக்கியை விட நன்றாக இருந்தது. முழங்கால் மட்டும் மடங்காது போலிருந்தது.

"ஆமாம் மாமி, படி எறங்க முடியாது. லிஃப்ட்தான்," என்றார் அவரே.

நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் கேட்டுக்குப் போய், சுவாமிக்கு வெற்றிலை வேண்டும் என்று முனியப்பனிடம் சொன்னேன்.

"கேட்டாண்ட ஆள் இருக்கணுமேம்மா. செக்ரட்டரி சாரு பேசுவாரு."

"நான் உட்கார்ந்துக்கறேன், போப்பா."

"ரோட்ல பாலத்துக்குப் பள்ளம் தோண்டிக்கீறாங்க. கம்பெனி கேபுங்க வேற அப்டியே நிக்குது. லேட்டாவும்மா."

"நிதானமா வா," என்றேன். வயதானவரை அவசரப்படுத்துவது எனக்குப் பிடிக்காது.

சற்று நேரத்தில் இண்டர்காம் அடித்தது. "முனியப்பா, லாபியை ஃப்ரீ பண்ணி வை, நான் எறங்கறேன்," என்றது வைத்தீஸ்வரன் சாரின் குரல். நான் குரலைத் தாழ்த்தி "சரி சார்" என்றேன். பிறகு மீட்டர் ரூமுக்குள் போய் நின்றேன். நாலாவது மாடியிலிருந்து லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. மூன்றாவது மாடியில் நின்று யாரையோ ஏற்றிக்கொண்டது. யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு துணைதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். மறுபடி கிளம்பியதும் லிஃப்ட் சுவிட்சைக் கீழே இறக்கினேன். அது ஒன்றை மட்டும்தான். மேடை விளக்குக்கும் மைக்குக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை.

இவரைப் படியில் வரச் சொல்லியிருந்தேன். லாபியில் வந்து படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆளைக் காணோம். அப்போதுதான் லிஃப்ட் பக்கமிருந்து கார் ரிவர்ஸ் எடுக்கும் ட்யூன் கேட்டது.

முழங்கால் வலி என்று லிஃப்டைக் கூப்பிட்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதை அவர் கேட்காதது அந்த ஒரு தடவைதான். உள்ளே இரண்டு பேரும் மணிப் பொத்தானைத் தேடியிருக்கிறார்கள். மூடி கையோடு வந்துவிட்டது. நிஜப் பொத்தான் இவர் கையில் இருந்தது. அதை அழுத்திக்கொண்டே இருந்தார், பாவம். அழுத்தும்போதெல்லாம் அது சிவப்பாக எரிந்து பாடிக்கொண்டிருந்தது.

மீட்டர் ரூம் பத்தடி தூரம். சுவிட்சை ஏற்றிவிடலாம் என்று திரும்பினேன். இது சத்தியம். அதற்குள் போட்டிக்கு நடுவராக வந்திருந்த காலேஜ் வாத்தியார் பெர்னார்ட் குறுக்கே வந்துவிட்டார்.

"மேடம், உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

சுவிட்சை ஏற்றினால் ரோபோவும் இறங்கும் என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தது.

"இல்ல சார். இது ஐட்டம். லிஃப்ட்தான் விண்கலம். கமாண்டர் ரோபோவை சிறைபிடிச்சிருக்கார்."

அவர் லிஃப்ட் கதவின் நீளக் கண்ணாடியில் முகத்தைப் பதித்துப் பார்த்தார். மேலே இருட்டில் சிவப்பு வெளிச்சம் வந்து வந்து போயிற்று.

"ஐயோ, தெறங்கோளேன், மூச்சு முட்டறது," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"என்னா ஒரு ஃபீலிங்கு," என்றார் பெர்னார்ட்.

"பயப்படாதேள், நான் இருக்கேன்," என்று இவர் குரல் கேட்டது.

"கமாண்டருக்கு நல்ல மனசும்மா," என்று சொல்லி மதிப்பெண் போட்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது. நீங்கள் எல்லாரும் அங்கே இருந்தீர்கள். உள்ளே கதவைத் தட்டத் தட்ட வெளியே கை தட்டினீர்கள். ஆகவே இதில் என்னை மட்டும் தனியாகப் பிரித்துப் பேச முடியாது.

முதல் பரிசு விண்வெளிக் கமாண்டர் சீனிவாசராகவனுக்கு என்று அறிவித்தார்கள். ரோபோவைக் கமாண்டரின் செட்டிங் சாமான்களில் சேர்த்துவிட்டார் பெர்னார்ட். அதில் நான் தலையிடவில்லை. வைத்தீஸ்வரன் சார், முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஒன்றுமே தொடவில்லை.

இவர் வர முடியாததால் நான் மேடை ஏறினேன். துப்பாக்கியை எப்படிச் செய்தேன் என்று இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். உப்புத்தாளிலிருந்து ஆரம்பித்தேன். பெயின்ட் காய்வதற்கு எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதை அவசரமாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆகையால் விவரமாகவே சொன்னேன். நன்றியுரை முடிந்து, தேசிய கீதத்துக்கு நின்று, அதற்குப் பிறகு போய் சுவிட்சை ஏற்றினேன்.

கதவு திறந்தபோது ரோபோவுக்குத் தலை இல்லை. மூச்சு விடுவதற்காக இவர் அட்டையைக் கிழித்து எடுத்து, அதனாலேயே வைத்தீஸ்வரன் சாருக்கு விசிறிக்கொண்டிருந்தார். அன்று முதல் இரண்டு பேரும் காலையில் சேர்ந்துதான் வாக்கிங் போகிறார்கள். "நல்ல மனுஷன் கோமு, டேங்கரைப் பத்தி நான் சொன்னதை முழுக்கக் கேட்டுண்டார்," என்கிறார் இவர். அந்த நட்புக்கும் யார் காரணம் என்று யோசித்துப் பாருங்கள்.

முனியப்பனை விட்டுவிடுங்கள். பொத்தானைக் கழற்றியதும் நான்தான், சுவிட்சை இறக்கியதும் நான்தான், உள்ளே இவர் இருக்கிறார் என்று தெரிந்தும் மேடை ஏறியது நான்தான். ஆனால் எல்லாம் அவருக்காகச் செய்தது. அன்று இறங்கி வந்ததும், "எல்லாரும் என்ன சொன்னா கோமு?" என்று குழந்தை மாதிரி கேட்டார். "சுமாரா இருந்ததுன்னு சொன்னா," என்றேன். அந்தக் கைதட்டல் முழுக்க அவருடையதுதான். அவருக்காகத்தான் நான் வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை.