அன்று காலை அந்த எண் அவர்களுடையதல்ல

என் பெயரும் விலாசமும் மேலே குறித்தபடி. வயது முப்பத்து நான்கு. வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

வீட்டு இணைப்புகளுக்கு எங்களிடம் நிரந்தர ஐபி எண், அதாவது நெட்டில் அந்த இணைப்பைக் காட்டும் அடையாள எண், கிடையாது. லாட்ஜ் அறை மாதிரி, ஒருவர் காலி செய்தால் அடுத்தவருக்குப் போகும். ரவுட்டரை அணைத்துப் போட்டாலே எண் மாறிவிடலாம்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே நெட் வரவில்லை என்று எங்கள் வாடிக்கையாளரான தையல்கார அம்மா ஒருவர் போன் செய்ததன் பேரில், மதியம் அவர் வீட்டுக்குப் போய் ரவுட்டரை அணைத்து, மறுபடி போட்டேன். புது எண்ணோடு இணைப்பு வந்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய மகன் மேஜைக்கடியில் தவழ்ந்துபோய் ஒயரைச் செருகிக் கொடுத்தார். "இதுக்குப் போயா உங்கள அலைய வச்சோம்?" என்று சிரித்தார்.

அதன் பிறகு, மறுநாள் இந்த நிலையத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் போன் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்த ஐபி எண்ணைச் சொல்லி, "இந்த நம்பர் யாருதுப்பா?" என்று அதிகாரி கேட்டார். மெயில் எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். சாப்பாட்டு நேரம், நல்ல பசி. போன் வந்த அந்த நிமிடம் எண் எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீட்டைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

அதன் பிறகு, இன்று காலை அந்த அம்மா அழுதுகொண்டே பேசினார். "செவ்வாக்கிழமை காலைல எம் பையன்தான் மிரட்டல் அனுப்பினான்னு பிடிச்சுட்டுப் போயிட்டாங்க தம்பி. அன்னிக்குக் காலைல எங்களுக்கு நெட்டே இல்லையே, நீங்கதானே வந்து சரிபண்ணீங்க. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க."

உடனே அலுவலகப் பதிவில் பார்த்தபோது, மெயில் போன செவ்வாய்க்கிழமை காலையில் அந்த எண் வேறொரு இணைப்பில் இருந்தது. அதன் விவரத்தைக் கொடுத்திருக்கிறேன். வீட்டைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். "நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். வெட்கமாக இருக்கிறது.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. அந்த அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் இதைப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)