முப்பத்தொரு படங்கள்

கடையின் ஷட்டர் படபடவென்று அதிர்ந்தபோது என் கையில் ஒரு பழைய லென்ஸ் இருந்தது. அதன் நடுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மூன்று பேர் சேர்ந்து தட்டிய தட்டலில், பக்கத்துக் கடைத் தையல்காரர் ஊசியைக் கையில் குத்திக்கொண்டார். நான் லென்ஸைக் கீழே போடவில்லை. துணியில் சுற்றி, டப்பாவில் வைத்து, மூடிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். தப்பு செய்தவன் கை இப்படி நிதானமாக வேலை செய்யாது. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்து தாள்களைக் கொடுத்து, “நடந்ததை நீங்களே எழுதுங்க, ஒண்ணையும் விடாதீங்க” என்றீர்கள். எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். கருத்துப் பிழை இருக்காது.

இருபத்தாறு வருடமாகப் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். அதிலும் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற வகை மட்டும். இந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஓரமாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதில்தான் கண்ணை வைக்க வேண்டும். எதிரே இருப்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக அந்த இரண்டு உருவமும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானதும் அழுத்தலாம். லென்ஸ் மேல் மூடி இருந்தாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். மூடியைக் கழற்ற மறந்து முழு ஃபிலிமையும் இருட்டில் எடுத்துவிட்டு வந்து என் கடையில் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

யார் வாங்க வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான். “படம் எடுக்கவா, அலமாரியில வைக்கவா?” இதற்குப் பதில் தெரியாமல் பழைய கேமரா வாங்குகிறவன் செருப்புக் கடைக்குப் போய்த் தொப்பி அளவு சொல்கிறவன். படம் எடுக்க என்றால் தேய்ந்தது, கீறல் விழுந்தது, உள்ளே சுத்தமாக ஓடுவது போதும். அலமாரிக்கு என்றால் விரல் ரேகைகூடப் படாதது வேண்டும். இரண்டையும் குழப்பக் கூடாது.

என் தங்கை கணவர் குழப்பினார். எல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

மாப்பிள்ளை பேருந்து ஓட்டுநர். அவருடைய அப்பா பத்திரிகைப் படக்காரராக இருந்தவர். அவர் இரண்டு ரேஞ்ச்ஃபைண்டர்களை விட்டுவிட்டுப் போனார். ஒன்று கறுப்பு. நாற்பது வருடம் உழைத்து விளிம்பெல்லாம் பித்தளை பல்லிளிக்கும். இன்னொன்று வெள்ளி நிறம். வாங்கிய நாளிலிருந்து பெட்டியில் தூங்கியது. தோல் உறையின் வாசனைகூடப் போகவில்லை. அப்படி ஒன்றை என் தொழிலில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கேட்டேன். பல முறை கேட்டேன். “அப்பா ஞாபகம் மச்சான்” என்று சிரித்துவிடுவார்.

சரி, கொடுக்க வேண்டாம். கறுப்பில் படம் எடுங்கள், வெள்ளியைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். “கேமரான்னா படம் எடுக்கத்தானே மச்சான்? அதுக்கென்ன பட்டாபிஷேகமா பண்ணணும்?” என்பார். மரியாதையான மனிதர்தான். பொருளின் அருமைதான் தெரியாது.

கறுப்பு ஒரு தடவை என்னிடம் பழுதுக்கு வந்திருந்தது. சீக்கிரம் முடித்துக் கொடுத்திருக்கலாம். வேறு வேலை இருந்தது, ஐந்து வாரம் ஆகிவிட்டது. அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளியில் ஃபிலிம் போட்டுக்கொண்டு, தங்கையையும் பாப்பாவையும் பூங்காவுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

பாப்பா அவர்களுடைய ஒரே பெண். ஆறு வயது. எனக்கு மருமகள். அந்த ஞாயிறுக்கு அடுத்த வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை அவள் இல்லை. நான்தான் கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். கல்மனசு என்று என்னைச் சொல்கிறவர்கள் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

வெள்ளிக் கேமரா ஃபிலிமோடு அப்படியே நின்றது. முப்பத்தாறில் முப்பத்தொன்று எடுத்தாகிவிட்டது, ஐந்து மிச்சம். பாப்பாவின் மற்றப் படங்களெல்லாம் இன்னும் சின்னவளாக இருந்தபோது எடுத்தவை. ஆறு வயதுப் பாப்பா அந்த ஃபிலிமுக்குள் மட்டும்தான் இருந்தாள். தங்கை கேமராவைக் கண்ணாடி அலமாரியில் பாப்பாவின் ஷூக்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். கழுவலாமா என்றால் வேண்டாம் என்பாள். “கழுவி ஒண்ணும் வராமப் போயிட்டா? உள்ளேயே இருக்கட்டும்ணா. இருக்குன்னு நினைச்சுக்கிறேன்.”

ஒன்றரை வருடம். இரண்டு மழைக்காலம். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் கண்ணாடியையே தின்றுவிடும். ஷட்டர் வேறு முடுக்கியபடியே இருந்தது, ஸ்பிரிங் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கும்போதெல்லாம் என் கண் அந்த அலமாரியிலேயே இருக்கும். அவர்கள் பாப்பாவை நினைத்து அழுவார்கள். கண்ணெதிரே சாவது எது என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை தங்கையே கேமராவோடு கடைக்கு வந்தாள். “கழுவிக் கொடுண்ணா. தைரியம் வந்துடுச்சு” என்றாள்.

கறுப்பு வெள்ளை ஃபிலிம், நானே கழுவிவிடலாம். ஃபிலிமைச் சுற்றி எடுத்துக்கொண்டு, கேமராவை அவளிடமே திருப்பிக் கொடுக்கும்போது சும்மா கேட்பதுபோல ஒன்று கேட்டேன். “படம் நல்லா வந்துட்டா, கேமராவை என்னம்மா பண்ணப்போறே?”

“அது அதே இடத்துல இருக்கும்ணா. பாப்பாவைக் கடைசியா ஆசை தீரப் பார்த்த கண்ணு அது.”

அந்தப் பதிலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். படம் எடுக்கவும் இல்லை, பாதுகாக்கவும் இல்லை. ஷூவுக்குப் பக்கத்தில் வைத்து மக்க விடுவது. இருபத்தாறு வருடத்தில் இப்படி மூன்றாவது ஒரு பதிலை நான் யாரிடமும் கேட்டதில்லை.

மதிய இடைவேளையில் கழுவினேன். முப்பத்தொன்றும் வந்திருந்தன. எல்லாவற்றிலும் பாப்பா. காயப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினேழாவது படத்தில் அவள் ஊஞ்சலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், முகம் தெரியாது. சங்கிலியைப் பிடித்த கை மட்டும் மிக அருகில். கட்டை விரலில் ஒரு துணிக் கட்டு. அந்தத் துணியின் இழைகளை எண்ணலாம். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்தால் எந்தப் படமும் கொஞ்சம் மங்கும்; இதிலோ, முழுதாகத் திறந்து வைத்து, அவ்வளவு கிட்டத்தில், அந்தக் கூர்மை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியது என்பதை மறைக்கவில்லை.

அந்தப் பதினேழாவதை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன். மற்ற முப்பதையும் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கி, பழைய மருந்துத் தண்ணீரோடு கொட்டினேன். அப்புறம் ஒரு புது ஃபிலிமை எடுத்து, ஒரு படமும் எடுக்காமல் அப்படியே கழுவினேன். கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தது. மூடியைக் கழற்றாமல் எடுத்தாலும் இப்படித்தான் வரும். அதைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

“லென்ஸ் மூடியைக் கழட்டாம எடுத்திருக்கீங்க மாப்பிள்ளை” என்றேன். குரலை உயர்த்தவில்லை.

“இல்ல மச்சான். கழட்டினேன். பாக்கெட்ல போட்டது நல்லா ஞாபகம் இருக்கு.”

“எல்லாருக்கும் அப்படித்தான் ஞாபகம் இருக்கும்.”

தங்கை அந்த வெற்றுச் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்து என் கையில் வைத்தாள். “எடுத்துட்டுப் போயிடுண்ணா. இது என் கண்ணு முன்னாடி இருக்க வேண்டாம்.” அவள் வாயால் சொன்னது, அவள் கையால் கொடுத்தது. புகாரில் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள்.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குப் பிறகு அவருக்குத் தன் கையின் மேல் நம்பிக்கை போய்விட்டது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று ஏழெட்டுத் தடவை போய்ப் பார்ப்பார். பேருந்தைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று இறங்கிப் பார்ப்பார். பயணிகள் கத்துவார்கள். ஒரு நாள் பாலத்தின் நடுவில் அப்படி நிறுத்தினார், வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் தங்கை அவரோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. ஒரே கூரை, இரண்டு சமையல்.

அவர் வந்து உட்காரும் ஒரே இடம் என் கடைதான். வாரா வாரம் வருவார். “மூடி இருந்தா கைக்குத் தெரியாதா மச்சான்?” என்று கேட்பார். நான் சலிக்காமல் விளக்குவேன். ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு, ஜன்னலில் எல்லாம் நன்றாகவே தெரியும், பெரிய படக்காரர்களே ஏமாந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தேநீர் வரவழைத்துத்தான் விளக்குவேன். அவரை அந்த அளவுக்குத் தாங்கியவன் வேறு யாராவது உண்டா என்று விசாரியுங்கள்.

இனி, மாட்டிக்கொண்ட கதை. சேகரிப்பாளர் ஒருவர் கடைக்கு வருவார். கண்ணாடி தடிமன் பார்த்து அவருக்கு ‘சோடாபுட்டி’ என்று பெயர். வெள்ளியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது அலமாரிக்குன்னே பொறந்த லென்ஸுய்யா. முழுசாத் திறந்து எடுத்தா கஞ்சி மாதிரி கொழகொழன்னு வரும்.”

“எடுத்துப் பார்த்தீங்களா?”

“எடுத்துத்தான் பார்க்கணுமா? அறுபது கேமரா வச்சிருக்கேன். ஒண்ணுலகூட ஃபிலிம் போட்டதில்ல.”

இப்படிப்பட்டவர்களிடம் வாயால் பேசிப் பயனில்லை. பதினேழாவது படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கடைச் சுவரில் மாட்டினேன், மாப்பிள்ளை வரும் நாளில் மட்டும் கழற்றி உள்ளே வைப்பேன். மறுவாரம் வந்தவர் மூக்கு சுவரில் படும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். துணியின் இழைகளை எண்ணினார். வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பகல் பொழுதுக்காக எதையும் கொடுக்கலாம்.

தங்கை என் கடைக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள். போன வாரம் திடீரென்று வந்தாள். கணவருக்கு ஒரு காவலாளி வேலை இருக்கிறதாம், நான் சொன்னால் கேட்பார், பேசிப் பார் என்று சொல்ல வந்தாள். பாதிப் பேச்சில் நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள்.

“இது யாருண்ணா?”

“ஒரு வாடிக்கையாளரோட குழந்தை.”

“இந்தத் துணி எங்க வீட்டுத் தலையணை உறை” என்றாள். கிட்டப் போய் அந்த முடிச்சின் மேல் விரலை வைத்தாள். “பூங்காவுக்குக் கிளம்பும்போது கதவுல விரலை நசுக்கிட்டா. நான்தான் கிழிச்சுக் கட்டினேன். ராத்திரியே அவிழ்த்துப் போட்டுட்டா. இந்தக் கட்டு அந்த ஒரு பகல்தான் இருந்தது.”

படத்தைச் சட்டத்தோடு கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். இன்றைக்கு நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், செய்தேன். ஃபிலிமை மாற்றியது நான், நறுக்கியது நான், மாப்பிள்ளை மேல் பழி போட்டது நான். அவர் மூடியைக் கழற்றித்தான் எடுத்தார். குவியம் ஒரு படத்தில்கூடத் தப்பவில்லை, முதல் தடவை அந்தக் கேமராவைத் தொடுகிறவருக்கு அது பெரிய விஷயம். இதை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவார். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்க மாட்டேன். பாப்பாவை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது. கேமராவைக் காப்பாற்ற முடியும், காப்பாற்றினேன். என் கடைப் பெட்டகத்தில் அது இருக்கிறது. எடுத்து வரும்போது தயவுசெய்து வெறும் கையால் லென்ஸைத் தொட வேண்டாம் என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் இன்னும் ஒன்று. எதையும் விடக் கூடாது என்றீர்களே. இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஃபோன் பேச வெளியே போன நேரத்தில், தங்கை உள்ளே வந்தாள். எதிர் நாற்காலியில் உட்காரவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முப்பது படங்களையும் பார்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. சண்டைக்கு வந்தவள்போல இல்லாமல், சின்ன வயதில் என்னிடம் ஏதாவது வேண்டும் என்று கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்.

“மத்த படத்துலல்லாம் பாப்பா சிரிச்சிட்டிருந்தாளாண்ணா?”

அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

“அதைக் கவனிக்கலைம்மா. ஃபோகஸ் சரியா விழுந்திருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன்.”