மீட்டர் அக்காவின் காது

தலைமை ஏற்றிருக்கும் அச்சக உரிமையாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, மகள் அவர்களே, வேலை நேரத்தின் நடுவே சீருடையோடு வந்திருக்கும் கண் மருத்துவமனைத் தோழர்களே, நம் சனிக்கிழமைக் குழுவினரே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த நினைவுக் கூட்டத்தில் அக்காவின் பணிகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதி வந்திருக்கிறேன். எழுதியதெல்லாம் உண்மை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் மற்றதைப் படிக்க வாய் வரவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்தவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். உங்களிடம் அவர் கண்ணாடிக்கு அளவு பார்த்தார். எங்களோடு இந்த அச்சகத்தின் மாடியில் கிடார் பெடல் செய்தார். காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. கிடாரின் ஒலி உள்ளே போய் வேறு குரலில் வெளியே வரும். அந்தக் குரலைத் தீர்மானிப்பதில் கெப்பாசிட்டர் என்ற மின்பாகத்துக்குப் பெரிய பங்கு. பருப்பு அளவுதான் இருக்கும். மேலே பத்து என்று அச்சிட்டிருந்தால் உள்ளே எட்டும் இருக்கலாம், பன்னிரண்டும் இருக்கலாம். செய்தவர்கள் ஏமாற்றவில்லை. இருபது சதவீதம் முன்பின் இருக்கும் என்று அவர்களே சொல்லித்தான் விற்கிறார்கள். நாம்தான் அச்சை நம்பிவிடுகிறோம்.

அக்கா நம்பவில்லை. பதினோரு வருடம் நம்பவில்லை. ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து மீட்டரில் வைத்தார். விரல் சூட்டுக்கு அளவு நகரும் என்று கையால் தொடமாட்டார். அளந்ததை முட்டை அட்டையின் குழிகளில் பிரித்துப் போட்டு, குழிக்குக் குழி தன் கையால் எண் எழுதி ஒட்டினார்.

"மேல போட்டிருக்கறது அதோட பேருப்பா. குணத்த மீட்டர்கிட்டதான் கேக்கணும்."

அதனால்தான் அவர் மீட்டர் அக்கா. ஆனால் கடைசித் தீர்ப்பு மீட்டருடையது அல்ல. அவருடைய காதுடையது. முடித்த பெடல்களைத் துண்டால் மூடிவிட்டு, மருத்துவமனையில் அவர் நாள் முழுக்கக் கேட்கும் கேள்வியை நாங்கள் அவரிடம் கேட்போம். இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? அவர் சொன்னால் முடிந்தது.

சென்ற வருடம் கிடார் வாசிக்கும் அண்ணன் தம்பி இருவர் 'வா' என்ற வகைப் பெடல் கேட்டார்கள். மிதிக்க மிதிக்க வாய் திறந்து மூடுவதுபோல் ஒலிக்கும் பெடல். இருவரும் சேர்ந்து வாசிப்பவர்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய வாரம் நான் எனக்கென்று ஒரு பெடல் செய்தேன். பத்து என்று அக்கா எழுதிய குழியிலிருந்து, அவர் அளந்து வைத்திருந்த நான்கையும் எடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார். குழி காலியாகத் தெரியக்கூடாது என்று புதுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் போட்டேன். அளக்கவில்லை. அடுத்த வாரம் அளந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்தேன். என் பெடலை எல்லாரும் பாராட்டினார்கள். அந்த மயக்கத்தில் மறந்தேன்.

தன் கையெழுத்தை நம்பி அக்கா அந்தக் குழியிலிருந்து எடுத்தார். சகோதரர்களின் பெடல்களை முடித்தார். கேட்டார். முகம் மாறியது.

"ரெண்டாவது மேல நிக்குதே. ஒரு ஃப்ரெட், ஒன்றரை ஃப்ரெட் மேல."

ஃப்ரெட் என்பது கிடார் கழுத்தில் ஒரு கட்டம், அரைச் சுரம். எங்களில் யாருக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னார். பிறகு பொதுவாகக் கேட்டார்.

"முட்டை அட்டையில யாராச்சும் கை வச்சீங்களா?"

நான் பக்கத்தில் நின்றேன். "இல்லக்கா" என்றேன்.

"அப்ப கழட்டி அளந்துடலாமா?"

பற்றவைத்த பிறகு அப்படியே அளக்க முடியாது. கழற்றியே ஆக வேண்டும். கழற்றினால் நான் மாட்டிக்கொள்வேன்.

"நீங்க அளந்ததுதானேக்கா. உங்க எழுத்துதானே ஒட்டியிருக்கு. அதப் போய் எதுக்கு?"

அவருடைய நேர்மையையே எடுத்து அவர் வாயை அடைத்தேன். நம் குழுவின் டிரம்மர் அண்ணன் விளையாட்டாகச் சொன்னார்: "உங்க காதுக்கும் ஒரு கண்ணாடி போட்டுரலாம்க்கா." எல்லாரும் சிரித்தோம். முதலில் சிரித்தவன் நான். அண்ணன் மேல் குற்றமில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அக்கா துண்டை என்னிடம் கொடுத்தார். "இனிமே நீ கேளுப்பா. எனக்கு வயசாயிடுச்சு போல." காது மருத்துவரிடம் போனார். வயதுக்கேற்ற குறைதான் என்றார்களாம். அக்கா அதில் குறை என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஐம்பத்திரண்டு ஒரு வயதா?

இதயத்துக்காக அவரைச் சேர்த்திருந்தபோது பார்க்கப் போனேன். வராந்தாவில் மாமா சொன்னார்: "வீட்ல பாட்டே போட விடறதில்ல தம்பி. தப்பாக் கேக்கறதுக்குக் கேக்காமயே இருக்கலாம்கறா." தலையாட்டினேன். உள்ளே போய்ப் பழம் வைத்தேன். உடம்பைப் பார்த்துக்கச் சொன்னேன். வந்துவிட்டேன்.

முந்தாநாள் சகோதரர்களிடம் போய் இரண்டு பெடலையும் வாங்கி வந்தேன். கழற்றினேன். ஆற விட்டேன். இடுக்கியால் எடுத்து அளந்தேன். முதலாவது பத்துப் புள்ளி ஒன்று. இரண்டாவது எட்டுப் புள்ளி நான்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒலி ஒன்றரை ஃப்ரெட் மேலே போகும்.

மாமா, அவர் காது சரியாக இருந்தது. மகளுக்கும் சொல்கிறேன், உன் அம்மாவின் காது சரியாக இருந்தது. அந்த அறையில் இருந்த ஒன்பது பேரில் அவர் ஒருவருக்குத்தான் சரியாகக் கேட்டது. அதை அறிந்த ஒரே ஆள் நான். எத்தனை சனிக்கிழமை அவர் எதிரில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன்? ஒரு நாள் போதுமே.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று குழுவின் சார்பில் உறுதி கூறச் சொல்லியிருக்கிறார்கள். குழுவின் சார்பில் பேசும் தகுதி எனக்கில்லை. என் சார்பில் சொல்கிறேன். அந்தக் குழியிலிருந்து எடுத்துச் செய்த பெடல்கள் இன்னும் பதினொன்று வெளியே இருக்கின்றன. வீடு வீடாகப் போவேன். திறப்பேன், அளப்பேன், மாற்றுவேன். நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் கழற்றுகிறாய் என்று கேட்பார்கள். இங்கே சொன்னதை அங்கேயும் சொல்வேன். இதைவிடச் சுருக்கமாக, ஆனால் எதையும் விடாமல்.

பதினோரு பேரிடம் சொல்லிவிடலாம். உங்களிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடம் சொல்ல எனக்கு எட்டு மாதம் இருந்தது.