மாப்பிள்ளை ஓட்டிய மிஷின்

ஸ்டேஷன் வாசலில் மாட்டியிருக்கும் மழைக்கோட்டு உங்களுடையதா மேடம்? உள்ளே வரும்போது பார்த்தேன். தோள்பட்டைத் தையலில் டேப் விட்டிருக்கிறது. ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான். அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் உட்பக்கம் டேப்பைச் சூடுகாட்டி ஒட்டுவார்கள். மேலே ஒரு துணியைப் போட்டு இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பாருங்கள், பிடித்துக்கொள்ளும். தொழில் புத்தி. எங்கே போனாலும் என் கண் முதலில் தையலைத்தான் தேடும்.

என் பெயர் சோணை. விளாங்குடியில் விருமாண்டியின் கம்பெனியில் இருந்தேன். விருமாண்டி என் மனைவி தங்கப்பொண்ணுவின் அண்ணன். அவன் மேல் நடக்கிற கவச உடை வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த மாதம் தீர்ப்பு என்கிறார்கள். அதில் அரசுத் தரப்புச் சாட்சி நான்தான். முதலாளி அவசரப்படுத்தினார், அதனால்தான் சரக்கு கெட்டது என்று கோர்ட்டில் சொன்னேன். அதை மாற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு, வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

முதலில் நாங்கள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தோம். கொரோனா வந்து பள்ளிகளை மூடியதும் தொழில் படுத்துவிட்டது. விருமாண்டி சுறுசுறுப்பானவன். அங்கே இங்கே அலைந்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் உடம்பு முழுக்கப் போட்டுக்கொள்ளும் வெள்ளை உடை தைக்க ஆர்டர் பிடித்துவிட்டான். டேப் ஒட்டும் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டு, அதை என் பொறுப்பில் விட்டான்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெண் கொடுத்த வீடு மாப்பிள்ளையின் பேச்சைத் தட்டாது. விருமாண்டி இதில் ரொம்பக் கறார். முதலாளி அவன், வயதிலும் மூத்தவன். ஆனாலும் நான் ஆபீஸ் அறைக்குள் போனால் நாற்காலியை விட்டு எழுந்துகொள்வான். மற்றவர்கள் தைத்ததை உள்ளும் புறமும் புரட்டிப் பார்ப்பான், பிசிறு இருந்தால் கத்துவான். நான் ஒட்டியதை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை செய்ததைச் சோதிப்பது அவனுக்கு அவமரியாதை. டேப் ஒட்டுவதும் நான்தான், தையலைப் பைபோல் பிடித்துத் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பதும் நான்தான். நான் தலையாட்டினால் பெட்டி கட்டுவார்கள்.

அந்தத் தொழிலில் பயத்துக்குக் குறைச்சல் இல்லை. துணி விலை ராத்திரிக்கு ராத்திரி ஏறும். ஆர்டர் கொடுத்தவன் நினைத்தால் வேண்டாம் என்பான். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் தகரம். ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தால் போதும், மாநகராட்சி ஆட்கள் வந்து வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள். கொரோனாவுக்கு உடை தைக்கிற கம்பெனிக்குள்ளேயே கொரோனா என்று பேச்சு கிளம்பினால் அப்புறம் யார் வாங்குவார்கள்?

முதல் அலையில், எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆர்டர் வெள்ளிக்கிழமை லாரியேற வேண்டும். "இது மட்டும் நல்லபடியா போயிருச்சுன்னா உங்களையும் பங்குதாரரா சேத்துக்கிறேன் மாப்ள" என்று விருமாண்டி சொல்லியிருந்தான். அந்த வாரம்தான் தங்கப்பொண்ணுவுக்குக் காய்ச்சல் கண்டது. தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கம்பெனி மிஷினில் உட்கார்ந்து தைத்தாள். கால் மிதிக்கும், கை நடுங்கும். விருமாண்டி வந்தான். தங்கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், திரும்பிப் போனான். அவ்வளவுதான் அவன் செய்தது. வெள்ளிக்கிழமை லாரி போனது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தபோது அவள் கண் திறக்கவில்லை.

தத்தனேரி சுடுகாட்டுக்கு அவளைக் கொண்டுபோன நான்கு பேரும் எங்கள் கம்பெனி உடையைத்தான் போட்டிருந்தார்கள். தூரத்தில் நிற்கச் சொன்னதால் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப் நான் ஒட்டியது. ஓர் இடத்தில்கூட விடவில்லை.

விருமாண்டி அங்கே மண்ணில் விழுந்து புரண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊர் அவனைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தது. தங்கை மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்றார்கள். இவனை விடக்கூடாது என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன். அடிக்கவோ வெட்டவோ எனக்குத் தோன்றவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவன் பெயர் நாற வேண்டும், அவ்வளவுதான். அவன் பெயர் எங்கே இருந்தது? ஒவ்வொரு உடையின் கவரிலும் அச்சடித்திருந்தது.

இரண்டாவது அலைவரை காத்திருந்தேன். முதல் அலையில் இரண்டு உடையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட ஆஸ்பத்திரிக்காரர்கள், தட்டுப்பாடு வந்ததும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகச் சரக்கு கேட்டார்கள். நான் மிஷினில் சூட்டைக் குறைத்தேன். குறைத்தால் டேப் ஒட்டியதுபோலத்தான் இருக்கும். கையால் இழுத்தால்கூட வராது. உடம்பு வேர்த்து, குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும்போதுதான் ஓரம் ஓரமாக விடும். சரக்கு எடுக்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவதற்கு மட்டும் சிலவற்றைச் சரியான சூட்டில் ஒட்டி வைத்துக்கொண்டேன். விருமாண்டி வாசலில் நின்று, "சரியா இருக்கா மாப்ள?" என்று கேட்டான். சரியாக இருக்கிறது என்றேன். லாரிக்குச் சூடம் காட்டி அனுப்பினான்.

சரக்கு போன மறுவாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கவரில் இருந்த நம்பர் டேப் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த போனுடையது. நான்தான் எடுத்தேன்.

"அண்ணே, நான் பவதாரிணி, நர்ஸு. உங்க டிரஸ்ஸுல கக்கத்துப் பக்கம் டேப்பு உரியுதுண்ணே. பயமா இருக்கு."

"வேர்வைக்கு அப்படித்தேன் இருக்கும்மா. அடுத்த லோடுல சரிபண்ணிருவோம்."

"அதுவரைக்கும் இதப் போடலாமாண்ணே? எங்களுக்கு வேற இல்ல."

"போடுங்கம்மா, ஒண்ணும் ஆகாது."

"சரிண்ணே. ரொம்ப நன்றிண்ணே."

அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல். அதை நான் மறுக்கவில்லை. வார்டில் பலருக்குத் தொற்று வந்து பிழைத்துக்கொண்டார்கள். பவதாரிணியும், வார்டு துடைக்கிற மொக்கையன் என்கிற பெரியவரும் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி அந்த உடைகளைச் சோதனைக்கு அனுப்பியது. விருமாண்டியை வீட்டு வாசலில் வைத்துக் கைது செய்தார்கள். கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. நான் எதிர்வீட்டு நிழலில் நின்று பார்த்தேன். தங்கப்பொண்ணு போனபின் அன்றைக்குத்தான் ருசித்துச் சாப்பிட்டேன்.

பவதாரிணியின் அம்மா பாண்டியம்மாள், அழகர்கோவில் போகிற வழியில் ஒரு கிராமம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் பிடித்து வந்துவிடுவார். விருமாண்டி வண்டியிலிருந்து இறங்கினால் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடுவார். அவன் தலையில் விழுந்த மண்ணைத் தட்டக்கூட மாட்டான். ஓய்ந்துபோய் மரத்தடியில் உட்காரும் அந்த அம்மாவுக்கு நான்தான் டீயும் பன்னும் வாங்கித் தருவேன். "உனக்கு ஒரு கொறையும் வராதுய்யா, நீ நல்லா இருக்கணும்" என்பார். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு யாராவது துணை வேண்டுமல்லவா?

செத்த இருவரையும் எனக்குத் தெரியாது மேடம். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியே விட்டிருந்தால் விருமாண்டி உள்ளே போயிருப்பான். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஜாமீனில் இருக்கிறவன், போன வாரம் தங்கப்பொண்ணுவின் திதிக்கு என் வீட்டுக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். அவள் படத்துக்கு மாலை போட்டான். நான் நிற்கிறேன் என்று அவனும் உட்காரவில்லை. தீர்ப்பைப் பற்றிப் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சிரித்தான்.

"நான் அவசரப்படுத்துனதுலதேன் சரக்கு கெட்டுப்போச்சு மாப்ள. நீங்க கோர்ட்டுல சொன்னது சரிதேன். ஆனா எனக்கு வேற ஒண்ணுதேன் உறுத்துது. அன்னைக்கு தங்கச்சிய டெஸ்ட்டுக்குக் கூட்டிப் போக வண்டியோட வந்தேன். 'வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்குவா மச்சான், வெளிய தெரிஞ்சா தகரம் அடிச்சுருவாய்ங்க'ன்னு நீங்க சொன்னீங்க. மாப்ள பேச்ச மீறக் கூடாதுன்னு வண்டியத் திருப்பிட்டேன். மீறியிருக்கணும். அதுக்குத்தேன் இந்த ஜெயிலுன்னு நெனச்சுக்கிட்டேன், இப்ப மனசு லேசா இருக்கு."

என் முன்னால் நின்றுகொண்டு மனசு லேசாக இருக்கிறது என்கிறான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவன் தங்கைக்குப் பிராயச்சித்தம் செய்கிற நிம்மதியோடு ஜெயிலுக்குப் போகக் கூடாது. அவனை விழவைத்தது நான், வேண்டுமென்றே செய்தேன், அவன் கையெடுத்துக் கும்பிட்ட மாப்பிள்ளைதான் செய்தான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் முகத்துக்கு நேராக நீங்கள் இதை வாசித்துக் காட்ட வேண்டும். அப்போது நான் பக்கத்தில் இருக்க அனுமதி கிடைக்குமா?

சூட்டைக் குறைத்தது நான். உரிகிறது என்று கேட்ட பெண்ணைப் போடச் சொன்னதும் நான். இவற்றுக்கு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வண்டி வந்ததும் உண்மை, வேண்டாம் என்று நான் சொன்னதும் உண்மை. ஆனால் என் மேல் இரண்டு சாவுதான் எழுத வேண்டும் மேடம், மூன்றாவதை எழுதிவிடாதீர்கள். நான் ஆயிரம் சொல்லியிருப்பேன், அவள் அவன் கூடப்பிறந்தவள் இல்லையா? என் பேச்சைக் கேட்டு வண்டியைத் திருப்பினானே, அவன்தான் தங்கப்பொண்ணுவைக் கொன்றவன்.